ஹெஜமனி: ஆதிக்கமா, மேலாதிக்கமா, தலைமையா?

பக்கம்புரட்டி

எல்லோருக்கும் வணக்கம். பன்னாட்டு அரசியல் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி சுமுகமாக ஓடியது. ஒரு பத்தியில் வந்து வண்டி நின்றுவிட்டது. டாமினன்ஸ், டாமினேஷன், ஹெஜமனி என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. எந்த அகராதியைப் புரட்டினாலும் மூன்றுக்கும் சுற்றிச் சுற்றி 'ஆதிக்கம்'தான். பத்தியின் சாரம் இது:

"போர் முடிந்தபோது கடலில் அந்த நாட்டின் டாமினன்ஸை யாராலும் மறுக்க முடியவில்லை. ஆனாலும் கூட்டாளி நாடுகள் மீது அது டாமினேஷனை நாடவில்லை. அது நிறுவியது ஒரு ஹெஜமனி. கூட்டாளிகளே அதை வேண்டி அழைத்தார்கள்."

மூன்று இடத்திலும் ஆதிக்கம் என்று போட்டால், ஆதிக்கம் இருந்தது, ஆனால் ஆதிக்கத்தை நாடவில்லை, ஆதிக்கத்தை நிறுவியது என்று வருகிறது. வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஹெஜமனிக்கு மேலாதிக்கம் என்று நாளிதழ்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் மேலாதிக்கம் என்றால் ஆதிக்கத்துக்கும் ஒரு படி மேலே போன அடக்குமுறை என்றல்லவா காதில் விழுகிறது? கட்டுரையாளர் சொல்வதோ நேர்மாறு. வழி சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்

மூணுக்கும் ஆதிக்கம்னே போட்டுட்டு, கடைசிக்கு மட்டும் 'அன்பான ஆதிக்கம்'னு போடுங்க. வேலை முடிஞ்சுது.

வேர்தேடி

கடைசிபெஞ்ச் கிண்டலுக்குச் சொன்னாலும் விஷயத்தின் பக்கத்தில் வந்துவிட்டார்.

டாமினன்ஸ், டாமினேஷன் இரண்டும் 'டொமினுஸ்' என்ற லத்தீன் சொல்வழி வந்தவை. எஜமான் என்று பொருள். வீட்டைக் குறிக்கும் 'டொமுஸ்' அதற்கு அடி. ஆக, வீட்டில் உள்ள ஆளும் அடிமையும் மாடும் யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டவையோ அவன். ஹெஜமனி கிரேக்கம். 'ஹெகெமோன்' என்றால் முன்னே நடந்து வழிகாட்டுபவன், படைத்தலைவன். எஜமானுக்குக் கீழே இருப்பவன் அடிமை. முன்னே நடப்பவனுக்குப் பின்னே வருபவனோ, குறைந்தபட்சம் பெயரளவிலாவது, கூட்டாளி.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த ஒரு காட்சி இதற்குப் பொருத்தமாக இருக்கும். பொ.மு. 481 வாக்கு. பாரசீகப் பேரரசர் செர்க்சஸ் கிரேக்கத்தை நோக்கிப் படையோடு வருகிறார். சிசிலித் தீவின் சிராகூஸ் நகரை ஆண்ட கெலோனிடம் கிரேக்கத் தூதர்கள் உதவி கேட்டுப் போகிறார்கள். 200 போர்க்கப்பல் தருகிறேன், 20,000 காலாட்படையினர் தருகிறேன், இன்னும் குதிரைப்படை, வில்லாளிகள் என்று கெலோன் அடுக்குகிறார். ஒரே நிபந்தனை, கிரேக்கப் படைகளுக்கெல்லாம் ஹெகெமோனாக அவர்தான் இருக்க வேண்டும். ஸ்பார்ட்டாவின் தூதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. சரி, பாதிப் பாதி, தரை உங்களுக்கு, கடல் எனக்கு என்று கெலோன் இறங்கி வருகிறார். உடனே ஏதென்ஸ் தூதர் குறுக்கே விழுந்து, ஸ்பார்ட்டாவுக்குக் கடல் வேண்டாம் என்றால் அது எங்களுக்குத்தான் என்கிறார். உங்களிடம் தலைவர்கள் ஏராளம், பின்னால் வரத்தான் ஆளில்லை போலிருக்கிறது என்று சொல்லி கெலோன் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

அந்தப் பேச்சில் யாரும் யாரையும் அடக்கி ஆளப் போவதாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டணிக்கு யார் முன்னே நிற்பது என்பதுதான் மொத்தச் சண்டையும். பொ.மு. 337 வாக்கில் மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் கொரிந்து நகரில் கிரேக்க நகர அரசுகளைக் கூட்டி ஓர் அணி அமைத்தபோதும் அவருக்குக் கிடைத்த பட்டம் இதே ஹெகெமோன்தான், மன்னர் என்பதல்ல.

பக்கம்புரட்டி

அருமை. அப்படியானால் 'தலைமை' என்றே போட்டுவிடலாமா? 'அது நிறுவியது ஒரு தலைமை'. எழுதிப் பார்த்தால் ஏதோ கட்சிப் பொதுக்குழு மாதிரி இருக்கிறது.

எதிர்வரிசை

போடாதீர்கள். வேர்தேடி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார், மீதியை நான் சொல்கிறேன்.

பாரசீகர் தோற்றுப் பின்வாங்கிய பிறகு, பொ.மு. 478-இல் ஏதென்ஸ் தலைமையில் டீலோஸ் அணி உருவாகிறது. கூட்டாளிகள் கப்பல் தரலாம், இல்லையென்றால் பணம் தரலாம். கருவூலம் பொதுவான டீலோஸ் தீவில் இருந்தது. நன்றாகத்தான் ஆரம்பித்தது. நக்ஸோஸ் தீவு விலகப் பார்த்தது. முற்றுகையிட்டுத் திரும்ப இழுத்துவந்தார்கள். பொ.மு. 454-இல் கருவூலமே ஏதென்ஸுக்குப் போய்விட்டது. அந்தச் சந்தா கப்பமாக மாறியதை யாரும் ஒரு குறிப்பிட்ட நாளில் அறிவிக்கவில்லை. அதுவரை ஹெகெமோனியா என்று இருந்ததை 'ஆர்க்கே', அதாவது ஆட்சி, என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. துசிடிடிஸ் எழுதிய வரலாற்றில், ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸே தன் மக்களைப் பார்த்து, உங்கள் ஆட்சி இப்போது கொடுங்கோன்மை போன்றது, அதை எடுத்தது தவறாகத் தோன்றலாம், ஆனால் விடுவது ஆபத்து என்கிற பொருளில் பேசுகிறார்.

ஆகவே 'தலைமை' என்று மொழிபெயர்த்தால் ஹெகெமோனின் வாயால் மொழிபெயர்க்கிறீர்கள். பின்னால் வருபவனிடமும் கேட்க வேண்டாமா?

செம்பருத்தி72

எதிர்வரிசையோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இருவருமே கிரேக்கத்திலேயே நின்றுவிட்டீர்கள். இன்று ஆங்கிலத்தில் இந்தச் சொல் இத்தனை இடத்தில் புழங்குவதற்குக் கிரேக்கர்கள் மட்டும் காரணமல்ல. பெரும்பங்கு இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சிக்கு உண்டு.

ரஷ்யப் புரட்சியாளர்கள் பாட்டாளி வர்க்கத்தின் ஹெஜமனி என்று முன்பே பேசினார்கள்; பிற வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் தலைமை தாங்குவது என்ற பொருளில். கிராம்சி அதை எடுத்து, ஆளும் தரப்பின் மீதே திருப்பினார். 1926 நவம்பரில் முசோலினி அரசு அவரைக் கைது செய்தது. 1929 முதல் 1935 வரை சிறையில் குறிப்பேடுகள் எழுதினார். 1937-இல் இறந்தார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. எண்ணிக்கையில் சிறியதான ஆளும் வர்க்கம் எப்படிக் காலம் தள்ளுகிறது? போலீசும் ராணுவமும் மட்டும் போதாது. பள்ளிக்கூடம், தேவாலயம், செய்தித்தாள், சங்கங்கள் வழியாக, தன் நலனே எல்லோருடைய நலனும் என்று மற்றவர்களை நம்பவைக்கிறது. அந்த நம்பிக்கை 'இது உலக வழக்கம்தானே' என்று சொல்லும் அளவுக்குச் சகஜமாகிவிடுகிறது. தடி இல்லாமல் போய்விடவில்லை, மூலையில் சாத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இந்த மன்றத்துக்குப் பிடித்த ஒரு விஷயம்: கிராம்சி அடிப்படையில் மொழியியல் மாணவர். டூரின் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் மத்தேயோ பார்த்தோலியிடம் படித்தார். ஒரு வட்டாரத்தின் சொற்கள் இன்னொரு வட்டாரத்துக்குப் பரவுவது பெரும்பாலும் கட்டளையால் அல்ல, மதிப்பால் என்பது பார்த்தோலியின் பார்வை. உயர்வாகத் தோன்றும் பேச்சை மற்றவர்கள் தாமாக எடுத்துக்கொள்கிறார்கள். சர்தீனியாவில் பிறந்து பெருநகரத்துக்கு வந்த கிராம்சிக்கு இது புத்தகத்தில் மட்டும் படித்த விஷயமாக இருந்திருக்காது. 29-ஆம் எண்ணுள்ள அவரது குறிப்பேடு முழுக்க முழுக்க இலக்கணம் பற்றியது. மொழிச் சிக்கல் எந்த வடிவிலாவது தலைதூக்குகிறது என்றால், ஹெஜமனி அங்கே புதிதாக ஒழுங்குபடுத்தப்படுகிறது என்று பொருள் என அதில் எழுதினார்.

ஒலிப்பெட்டி

நடுவில் ஒரு சந்தேகம். ஹெஜமனி, ஹெஜிமனி, ஹெகெமொனி என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோமே, எது சரி?

வேர்தேடி

ஆங்கிலேயரே ஒரு மாதிரி சொல்வதில்லை. பிரிட்டனில் 'ஹிகெமனி' என்று க ஒலியோடு சொல்பவர்கள் அதிகம். அமெரிக்காவில் 'ஹிஜெமனி' என்றும், முதல் அசையை அழுத்தி 'ஹெஜமோனி' என்றும் கேட்கலாம். நாம் எழுதும் ஹெஜமனி இதில் எதோடும் முழுதாக ஒட்டாது. ஆனால் தமிழில் படிப்பவருக்குப் பழகிவிட்டது, இருக்கட்டும்.

தீவகத்தாள்

செம்பருத்தி, கிராம்சியைப் பற்றித் தமிழில் எழுதின பழைய கட்டுரைகளில் 'கருத்தியல் மேலாண்மை' எண்டு வருமே, அதை ஏன் ஒருத்தரும் இங்கே சொல்லேல்லை? எனக்கு அது நல்ல சொல்லாத்தான் படுகிறது. ஆதிக்கம் என்ற சத்தமும் இல்லை, மேல் என்ற பொருளும் இருக்கு.

செம்பருத்தி72

எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் அது கைவிட்டுப் போய்விட்டது. நீர் மேலாண்மை, பேரிடர் மேலாண்மை, மேலாண்மை இயக்குநர் என்று நிர்வாகத்துக்கே அதைத் தாரை வார்த்துவிட்டோம். இன்று 'முதலாளித்துவத்தின் கருத்தியல் மேலாண்மை' என்று எழுதினால், மேலாண்மைப் படிப்பில் ஒரு பாடம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தீவகத்தாள்

அதுதான் வித்தியாசம். இலங்கைத் தமிழில் அதுக்கு முகாமைத்துவம் எண்டுதான் சொல்லுவம். அனர்த்த முகாமைத்துவம், வணிக முகாமைத்துவம். அதனால எங்களுக்கு மேலாண்மையில அந்தக் குழப்பம் இல்லை. பெரிய நாடு ஒண்டு சுற்றியுள்ள நாடுகளைத் தன் பிடிக்குள்ள வைச்சிருக்கிறதைச் சொல்ல 'பிராந்திய வல்லாதிக்கம்' எண்டும் எழுதுவினம். ஆனா அதில் 'வல்' இருக்கிற படியால் பலவந்தம் தூக்கலாத் தெரியும். பக்கம்புரட்டியின்ர பத்திக்கு அது சரிவராது.

கடைசிபெஞ்ச்

ஒரு சொல்லுக்கு ரெண்டு நாட்டு விசா வாங்கணும் போல.

எதிர்வரிசை

மேலாதிக்கம் சரியா தவறா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா 1997-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'ஹெஜமனி இல்லாத டாமினன்ஸ்' என்று வரும். இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி பற்றிய வாதம் அது. சொந்த நாட்டில் மக்களின் இசைவைப் பெற்று ஆண்ட பிரிட்டிஷ் முதலாளித்துவம், காலனியில் அந்த இசைவைப் பெறவே இல்லை, வற்புறுத்தலே மிஞ்சியிருந்தது என்கிறார். இதைத் தமிழில் 'மேலாதிக்கம் இல்லாத ஆதிக்கம்' என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? ஆதிக்கம் இருந்தது, ஆனால் அவ்வளவு மோசமில்லை என்று நினைப்பார். குஹா சொன்னது தலைகீழாகிவிட்டது. சோதனையில் மேலாதிக்கம் தேறவில்லை.

செம்பருத்தி72

சோதனை நல்ல சோதனை. ஆனால் தீர்ப்பில் அவசரம். குஹா இதை ஒரு கணக்கு மாதிரியே விளக்குகிறார். ஆதிக்கம் என்பது வற்புறுத்தலும் இணங்கவைத்தலும் சேர்ந்த கலவை. அந்தக் கலவையில் வற்புறுத்தலைவிட இணங்கவைத்தல் ஓங்கியிருந்தால் அதற்குப் பெயர் ஹெஜமனி. அதாவது அவரிடம் ஹெஜமனி ஆதிக்கத்துக்கு வெளியே நிற்கும் சொல் அல்ல, ஆதிக்கத்திலேயே ஒரு வகை. அப்படிப் பார்த்தால் 'ஆதிக்கம்' என்ற சொல் உள்ளே இருப்பதில் தவறில்லை. தவறு 'மேல்' என்ற முன்னொட்டில்தான். அது வகையைச் சொல்லாமல் அளவைச் சொல்கிறது. நான் 'இசைவாதிக்கம்' என்று எழுதிவருகிறேன்.

ஒலிப்பெட்டி

இசை + வாதிக்கம் என்று பிரித்துப் படித்தேன். கச்சேரி ஞாபகம் வந்துவிட்டது.

வேர்தேடி

ஆதிக்கம் என்பதற்குத் தமிழில் எப்போதும் இந்தக் கசப்பு இருந்ததில்லை. வடமொழி 'ஆதிக்ய'த்தின் தமிழ் வடிவம் அது. மிகுதி, மேம்பாடு என்பதே மூலப்பொருள். சாதி ஆதிக்கம், ஆண் ஆதிக்கம், அந்நிய ஆதிக்கம் என்று கடந்த நூற்றாண்டு முழுக்க எதிர்ப்பு மேடைகளில் ஒலித்து ஒலித்து இன்று அது குற்றச்சாட்டாகவே ஆகிவிட்டது. ஆங்கில டாமினன்ஸுக்கு அந்தக் குற்றத்தொனி கட்டாயமில்லை. 'ஆட்டத்தில் அவர்களுடைய டாமினன்ஸ்' என்றால் பாராட்டு. டாமினேஷன் என்றால்தான் யாரோ ஒருவர் காலடியில் யாரோ கிடக்கிறார். முன்னது நிலை, பின்னது செயல் என்று தோராயமாகப் பிரிக்கலாம். எல்லா ஆங்கில எழுத்தாளரும் இதைக் கறாராகக் கடைப்பிடிப்பதில்லை, ஆனால் பக்கம்புரட்டியின் கட்டுரையாளர் கடைப்பிடித்திருக்கிறார்.

பயிர்முகம்

இதைத்தான் சொல்ல வந்தேன். உயிரியலில் டாமினன்ட் என்பதற்கு ஆதிக்கத்தோடு தொடர்பே இல்லை. மரபியலில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று பள்ளிப் பாடத்திலேயே நல்ல சொற்கள் இருக்கின்றன. ஓங்கு பண்பு என்றால் வலிமையானது என்றோ மக்களிடம் அதிகம் காணப்படுவது என்றோ பொருள் இல்லை. இரண்டு பிரதிகளில் ஒன்று இருந்தாலே வெளியே தெரியும், அவ்வளவுதான். ஹண்டிங்டன் நோய் ஓங்கு முறையில் கடத்தப்படுவது, ஆனால் அரிதான நோய்.

சமீபத்தில் இயந்திர மொழிபெயர்ப்பில் வந்த ஒரு மருத்துவப் படிவத்தைப் பார்த்தேன். 'உங்கள் ஆதிக்கக் கை எது?' என்று கேட்டிருந்தது. நீங்கள் வலக்கைப் பழக்கமா, இடக்கைப் பழக்கமா என்று கேட்க வேண்டியதை இப்படிக் கேட்டால் கையே பயந்துவிடும்.

கடைசிபெஞ்ச்

என் ஆதிக்கக் கை என் வீட்டம்மாவுடையது.

தராசு

சட்டத்திலும் இதே கதை. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு டாமினன்ட் பொசிஷன் பற்றிப் பேசுகிறது. சந்தையில் ஒரு நிறுவனம் போட்டியாளர்களைப் பொருட்படுத்தாமல் இயங்கும் அளவுக்கு வலுவாக இருப்பது அந்நிலை. அப்படி இருப்பது குற்றமில்லை. அந்நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அடிப்படை இதுதான். 'ஆதிக்க நிலை' என்று தமிழில் எழுதினால் படிக்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடும். அந்த நிறுவனத்துக்காக வாதாடுபவன் கேட்பான், ஆதிக்கம் என்று சொன்ன பிறகு தவறான பயன்பாடு என்று தனியாக ஒன்று எதற்கு என்று. நான் 'ஓங்கு நிலை' என்று எழுதுகிறேன். பயிர்முகம் சொன்ன அதே ஓங்கு.

பக்கம்புரட்டி

டாமினன்ஸுக்கு விடை கிடைத்துவிட்டது போலிருக்கிறது. கடலில் அந்நாட்டின் ஓங்கு நிலை. டாமினேஷனுக்கு ஆதிக்கம் அல்லது அடக்கியாளுதல். மூன்றாவதுதான் இன்னும் இழுபறி.

நான்காம்திசை

தாமதமாக வருகிறேன். பன்னாட்டு உறவுத் துறையில் இதற்கென்றே ஒரு பழைய வகைப்பாடு இருக்கிறது. அத்துறை அறிஞர் ஹெட்லி புல் 1977-இல் வகுத்தது. பெரிய நாடு தன் சுற்றுவட்டாரத்துச் சிறிய நாடுகளிடம் நடந்துகொள்ளும் விதம் மூன்று. எடுத்ததற்கெல்லாம் படையை அனுப்புவது, சிறிய நாட்டின் இறையாண்மையைத் துளியும் மதிக்காதது டாமினன்ஸ். 1930-களுக்கு முன்பு மத்திய அமெரிக்காவிலும் கரீபியனிலும் அமெரிக்கா நடந்துகொண்டது அப்படி. படையே இல்லாமல், மற்றவர்கள் மனமுவந்து தரும் முன்னுரிமை பிரைமசி. இடைப்பட்டது ஹெஜமனி: விதிகளை மதிப்பதாகக் காட்டிக்கொள்ளும், ஆனால் தேவைப்பட்டால் தயக்கத்தோடு மீறும். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஒன்றியம்.

புல்லின் அளவுகோலை வைத்தால் பக்கம்புரட்டியின் கட்டுரையாளர் ஹெஜமனி என்று சொல்வது பிரைமசியைத்தான். அவர் வேறு மரபைச் சேர்ந்தவர் என்று ஊகிக்கிறேன். 1929-க்குப் பிந்தைய பெருமந்தம் அவ்வளவு ஆழமானதற்கு, பொறுப்பேற்க பிரிட்டனால் முடியவில்லை, அமெரிக்காவுக்கு மனமில்லை என்று பொருளியலாளர் சார்ல்ஸ் கிண்டில்பெர்கர் 1973-இல் எழுதினார். அதிலிருந்து, உலகப் பொருளாதாரம் நிலையாக இருக்க ஒரு ஹெஜமோன் தேவை என்ற கோட்பாடு கிளைத்தது. அந்த மரபில் ஹெஜமோன் கிட்டத்தட்ட ஊர்ப் பெரியவர். செலவைத் தான் ஏற்பவர்.

எதிர்வரிசை

செலவை ஏற்பவரா? 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் நாணய மாநாட்டில் அமெரிக்க டாலரை நடுவில் வைத்துத்தானே மற்ற நாணயங்களையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டினார்கள். ஊர்ப் பெரியவர் கணக்குப் புத்தகத்தையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். டீலோஸ் கருவூலம் ஞாபகம் வருகிறதா?

நான்காம்திசை

வருகிறது. அதனால்தான் சொல் ஒன்றாக இருந்தாலும் யார் எழுதுகிறார் என்று பார்க்கச் சொல்கிறேன். சீனர்கள் எழுதும்போது பாருங்கள். 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போனபோது வெளியான ஷாங்காய் கூட்டறிக்கையில், ஆசிய பசிபிக் பகுதியில் இரு நாடும் ஹெஜமனியை நாடக் கூடாது, பிறர் நாடினாலும் எதிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. 1978-இல் ஜப்பானோடு செய்த ஒப்பந்தத்திலும் அதே வாசகத்தை விடாப்பிடியாக நுழைத்தார்கள். தன்னைக் குறிவைத்த வாசகம் என்று சோவியத் ஒன்றியம் சீறியது. அங்கே ஹெஜமனி அப்பட்டமான வசைச்சொல். பின்னணி என்னவென்றால் சீன மூலத்தில் உள்ள 'பா' என்ற எழுத்து. அறத்தால் ஆள்பவன் மன்னன், வலுவால் ஆண்டுகொண்டு அறவோன் போல் நடிப்பவன் 'பா' என்று பழஞ்சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் காலத்திலிருந்தே அதற்குக் கெட்ட பெயர். அந்த இடத்தில் மேலாதிக்கம் என்று எழுதினால் அச்சு அசலாகப் பொருந்தும். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

கூர்வாள்

அப்போ இப்ப சீனா பண்றது என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க

எதிர்வரிசை

அமெரிக்கா பண்ணாததையா பண்ணிவிட்டது?

நெறியாளர்

சொல்லோடு நில்லுங்கள். சீனாவா அமெரிக்காவா என்பதற்கு அரசியல் பகுதியில் தனி இழை ஓடுகிறது. இதற்குப் பிறகு வந்த ஆறு பதிவுகள் அங்கே மாற்றப்பட்டுள்ளன.

தீவகத்தாள்

நான்காம்திசை சொன்னதுக்குப் பிறகு எனக்கு ஒண்டு தோன்றுது. ஒரே சொல்லால எல்லா இடத்தையும் அடைக்கப் பாக்கிறதுதான் பிரச்சினை. நாடுகளைப் பற்றின, குற்றம் சாட்டுற எழுத்தெண்டால் மேலாதிக்கம். கிராம்சி வழி எழுத்தெண்டால் கருத்தியல் மேலாண்மை, இல்லாட்டில் ஹெஜமனி எண்டே தமிழில் எழுதி முதல் தரம் வரேக்கை ஒரு வரி விளக்கம். தமிழில் நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகினம்.

வேர்தேடி

வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆதிக்கத்தோடு நம் கை தானாகச் 'செலுத்து' என்று எழுதிவிடுகிறது. ஆதிக்கம் செலுத்தினார்கள், மேலாதிக்கம் செலுத்தினார்கள். செலுத்துவது மேலிருந்து கீழே தள்ளுவது. கிராம்சி பொருளில் அது யாரும் தள்ளாமலே பரவிக்கிடப்பது. 'அந்தக் கருத்தின் மேலாதிக்கம் நிலவியது', 'வேரூன்றியது' என்றால் பாதிப் பொருள் வினையிலேயே வந்துவிடும். ஆங்கிலத்திலும் ஹெஜமனிக்கு இயல்பான வினை வடிவம் கிடையாது. கல்விப்புலக் கட்டுரைகளில் வலிந்து செய்த ஒன்று உண்டு, அதை விட்டுவிடுவோம்.

பக்கம்புரட்டி

இன்று உட்கார்ந்து பத்தியை மறுபடி எழுதினேன். மூன்று பெயர்ச்சொல்லுக்கு மூன்று பெயர்ச்சொல் தேடுவதை விட்டுவிட்டு எழுதியதும் தடை விலகியது:

"போர் முடிந்தபோது கடலில் அந்த நாட்டை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் கூட்டாளி நாடுகளை அடக்கி ஆள அது முனையவில்லை. அவை தாமே இசைந்து ஏற்ற மேலாதிக்கம் ஒன்றையே அது நிறுவியது. வரச்சொல்லி அழைத்ததும் அவைதான்."

'மிஞ்ச ஆளில்லை' டாமினன்ஸுக்கு. தராசு சொன்ன ஓங்கு நிலையை வேறு இடத்தில் வைத்துக்கொண்டேன், இங்கே அது கொஞ்சம் விறைப்பாக இருந்தது. 'இசைந்து ஏற்ற' என்பது செம்பருத்தியிடம் கடன் வாங்கியது.

செம்பருத்தி72

நன்றாக வந்திருக்கிறது. 'இசைந்து ஏற்ற' என்ற அடை வந்துவிட்டதால் 'மேல்' என்பதன் அளவுப்பொருள் அடங்கிவிடுகிறது.

எதிர்வரிசை

எனக்கு 'தாமே' உறுத்துகிறது. மூலத்தில் கூட்டாளிகளே வேண்டி அழைத்தார்கள் என்று கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். சரி, அது அவர் கருத்து, நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அதைக் கடைசி வாக்கியத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். 'தாமே'யும் சேர்ந்தால் அவர் ஒரு முறை சொன்னதற்கு நீங்கள் இரண்டு முறை சாட்சி சொல்வது போல் ஆகிறது.

பக்கம்புரட்டி

நியாயம். 'அவை இசைந்து ஏற்ற' என்று மாற்றிவிட்டேன். அடுத்த பக்கத்தில் ஹெஜமோன் வருகிறது, ஆளைக் குறிக்கும் சொல். 'மேலாதிக்கர்' என்று எழுதினால் ஏதோ சாதிச் சங்கப் பட்டம் மாதிரி இருக்கிறது.

நான்காம்திசை

நாடு என்றால் 'மேலாதிக்க வல்லரசு' போதும். நாளிதழ் வாசகருக்கும் புரியும். வட்டார அளவில் மட்டும் என்றால் 'பிராந்திய' சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டுரையாளர் அதே பக்கத்தில் பிலிப்பைப் பற்றியும் பேசினால் அங்கே வல்லரசு என்று எழுதிவிடாதீர்கள். அது பட்டம், ஹெகெமோன் என்றே விட்டு, 'அணித்தலைவர்' என்று ஒரு தரம் விளக்கினால் போதும்.

பக்கம்புரட்டி

பேசுகிறார். இரண்டு வரி. அப்படியே செய்துவிடுகிறேன்.